ஹார்டு டிஸ்க் மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் நகர வேண்டியவை

பழைய டிஸ்க்கில் இருந்த ஃபோல்டர்களை எல்லாம் புது எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சில்லில் சேமிக்கும் டிஸ்க்) காப்பி-பேஸ்ட் செய்து, அதை லேப்டாப்பில் மாட்டி ஆன் செய்கிறீர்கள். படங்களும் கணக்குகளும் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன. ஆனாலும் 'பூட் செய்ய (கணினியைத் தொடங்க) டிஸ்க் இல்லை' என்று கறுப்புத் திரை வருகிறது.

டிஸ்க்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் அட்டவணை ஒன்று இருக்கிறது. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில்தான் பதிவாகியிருக்கும். அதோடு, விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும் நிரலை வைத்திருக்கும் சிறிய பகுதி ஒன்றும் உண்டு. நாம் தினமும் திறக்கும் டிரைவ் பட்டியலில் அது தலைகாட்டாது. மதர்போர்டு முதலில் தேடிப்போவது அதைத்தான்.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோனிங் மென்பொருள் இவற்றையும் சேர்த்தே கொண்டுபோகிறது. டிஸ்க் முழுவதும் 512 அல்லது 4096 பைட் கட்டங்கள்; ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். பழையதில் ஒரு எண்ணில் படித்ததைப் புதியதில் அதே எண்ணில் எழுதுகிறது, அவ்வளவுதான். ஒரு நுணுக்கம்: ஜிபிடி (GPT) என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் அட்டவணையின் பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். 500 ஜிபியை 1 டிபிக்கு அப்படியே நகலெடுத்தால் அந்தப் பிரதி நடுவிலேயே நின்றுவிடும். அதைக் கடைசிக்கு நகர்த்தி, பார்ட்டிஷனையும் நீட்டினால்தான் மீதி இடம் பயன்படும்.

புது டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைத்து நகலெடுத்தால், யூஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு சுமார் 35 எம்பிதான் போகும். 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். 3.0 என்றால் பழைய டிஸ்க்கின் வேகமே எல்லை.

அந்தப் பழைய டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட்டால் கதையே வேறு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். முனை தன் தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓடுவதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு ஓட்டமும் தட்டைக் கீறக்கூடும். தயவுசெய்து அதில் டிஸ்க் சோதனை எதையும் ஓட்டாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, விலைமதிப்பற்ற தகவல் என்றால் மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். சத்தமில்லாமல் அங்கங்கே படிக்கத் திணறும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் நல்ல கருவி: நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

புது டிஸ்க்கை மாட்டுவது எளிது. பவரைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பழையது சாட்டா (SATA) இணைப்பு வகை டிஸ்க் என்றால் மேலே தூக்காமல், பின்கள் வளையாதபடி நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். புதியது எம்.2 (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி) என்றால் வாங்கும் முன்பே லேப்டாப்பின் ஸ்லாட் ஏற்கும் இணைப்பு முறை சாட்டாவா என்விஎம்இயா (NVMe) என்று பாருங்கள். அளவு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. அடையாள எண் வரை இரண்டும் ஒன்றே என்பதால் கணினி குழம்பிவிடும். புதியது சில நாள் ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.