மூன்றாம் நாள் தூக்கம்

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். வலக்கை தூக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "வீட்டிலேயே நாக்குக்குக் கீழே ஒரு பிரஷர் குளிசை வைத்துவிட்டோம், டொக்டர்" என்று மகன் நிம்மதியாகச் சொன்னார். எனக்கோ அதுதான் கவலையாயிற்று.

மூளையின் குருதிக்குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தில், இறந்த பகுதியைச் சுற்றி, கிடைக்கும் சொற்ப இரத்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் ஒரு விளிம்பு உண்டு. இரத்த அமுக்கம் (பிரஷர்) சடுதியாக இறங்கினால் அந்த விளிம்பும் மாய்ந்துவிடும். பல ஆண்டுகள் உயர் அமுக்கத்துக்குப் பழகிய மூளையில் இது இன்னும் எளிதில் நிகழும். ஆகவே, குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாத ஒருவருக்கு, வேறு அவசரக் காரணம் இல்லாவிடில், 220/120 ஐத் தாண்டும்வரை நாங்கள் பொதுவாகக் குறைக்க முனைவதில்லை. உறவினர்கள் இதை அலட்சியம் என்று நினைத்துக் கோபிப்பதுண்டு. கரைக்கும் மருந்து கொடுப்பதாயின் 185/110 க்குக் கீழே கொண்டுவந்தே தொடங்கி, அடுத்த 24 மணித்தியாலம் 180/105 க்குள் வைத்திருப்போம்.

உயர் அமுக்கம் தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல. இரத்தம் கிடைக்காத கலங்கள் முதலில் நீரை உள்ளிழுத்து ஊதுகின்றன. பின்னர் நுண்குழாய்களின் சுவரும் பழுதடைந்து கசியத் தொடங்குகிறது. நைந்த குழாயைக் கிணற்று மோட்டரில் பூட்டியதுபோல, அமுக்கம் மிகுந்தால் கசிவும் மிகும். மண்டையோடு விரிந்துகொடுக்காது என்பதால், வீங்கும் மூளை நல்ல பகுதியையே நெரிக்கிறது. இந்த வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்தை அடையும்.

அந்த முதியவரின் மூன்றாம் நாள் காலையில், "அப்பா இப்பதான் நல்லா நித்திரை கொள்ளுறார், எழுப்ப வேண்டாம்" என்றார் கட்டிலருகில் இருந்த மகள். தோளைத் தட்டினேன், முனகினாரே தவிரக் கண் திறக்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்க்கையில் இடக் கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. நோயாளியுடன் நிற்பவர்கள் இத்தகைய தூக்கத்தைக் கண்டால், வார்ட் சுற்றுக்குக் காத்திராமல் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். தலைமாட்டை 30 பாகை உயர்த்துவதும் மருந்தும் போதாதபோது, மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சையே சிலரைக் காப்பாற்றும். அதற்கும் காலம் குறுகியது.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தாலும் அறிகுறிகள் இவையேதான். ஆனால் அங்கே மேல் அமுக்கத்தைத் தாமதிக்காமல் 140 அளவுக்குக் கொண்டுவர முயல்வோம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்கேன். ஆகவே வீட்டில் குளிசையோ தேநீரோ கொடுக்காமல் (விழுங்கும்போது புரையேறக்கூடும்) 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து, கிளினிக் கொப்பியையும் எடுத்து வாருங்கள். இவருடைய கொப்பியில் கடைசித் திகதி எட்டு மாதம் பழையது.