கலியாணக் கார் வாங்குகிறீர்களா? முதலில் லொக் புக்கைத் திறந்து பாருங்கள்

வெள்ளை நிறம், ஒரு ஆள் படுக்கலாம் போல நீளமான பொனட், பக்கவாட்டில் தொங்கும் உதிரிச் சில்லு, முன்னால் பளபளக்கும் குரோம் கிரில். போன வருடம் ஒரு தம்பி இப்படியொரு காரைக் கொண்டுவந்து நாங்கள் வேலை செய்யும் கராஜ் வாசலில் நிறுத்தினார், தெருவில் போனவர்கள் எல்லாம் போனை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் கார் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கிற எம்ஓடி சோதனை செய்வதுதான் என் தொழில், ஆனால் அவர் அதற்காக வரவில்லை.

"அண்ணை, இது 1930ஆம் ஆண்டுக் கார், எம்ஓடி தேவையில்லை எண்டு வித்தவர் சொன்னவர். சும்மா ஒருக்காப் பாத்து விடுங்கோ, சனிக்கிழமை ஹரோவில ஒரு கலியாணம் இருக்கு."

பொனட்டைத் திறந்தேன். முன்பாதி வெறும் காற்று. பின்னால், கண்ணாடியோடு ஒட்டினாற்போல, ஃபோர்டின் இரண்டு லீற்றர் பின்ரோ எஞ்சின் உட்கார்ந்திருந்தது. காரின் பதிவுப் புத்தகமான லொக் புக்கை வாங்கிப் பார்த்தால் தயாரிப்பு ஃபோர்ட், மாடல் கோர்ட்டினா, நாலு கதவு சலூன், 1982. எனக்கு முன்னால் நின்ற வண்டிக்கும் அந்தக் கடதாசிக்கும் எஞ்சினைத் தவிர ஒரு உறவும் இல்லை.

இதைத்தான் கிட் கார் என்கிறோம். ஒரு கம்பெனி சட்டகத்தையும் பைபர் கிளாஸ் உடலையும் பெட்டி பெட்டியாக விற்கும், வாங்குகிறவர் ஒரு பழைய காரை உடைத்து எஞ்சின், கியர் பொக்ஸ், அச்சு, ஸ்ரியரிங் எல்லாவற்றையும் அதில் பொருத்திக்கொள்வார். இந்த நாட்டில் இது பழைய வழக்கம். முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி அந்தக் காலத்தில் கிட்டுக்கு இல்லை என்பதால், 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பலர் வீட்டுக் கராஜிலேயே பூட்டினார்கள். 1973இல் அதற்குப் பதிலாக வற் என்ற பெறுமதி சேர் வரி வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது, ஆசை போகவில்லை. 1980களிலும் 90களிலும் பியூஃபோர்ட் போன்ற 1930களின் தோற்றத்துக் கிட்டுகள் வந்து, இன்றைக்கு எங்கள் ஆட்களின் கலியாணங்களில் மாப்பிள்ளை பொம்பிளை ஏறுகிற "பழைய கார்" பெரும்பாலும் இந்த வகைதான். அதில் ஒரு குற்றமும் இல்லை. உண்மையான 1930ஆம் ஆண்டுக் காரை வாடகைக்கு விட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பிரச்சினை கடதாசியில் இருக்கிறது. 1998க்கு முன் இப்படிக் கட்டிய காருக்குத் தனியான சோதனை எதுவும் இருக்கவில்லை, அதனால் பலர் உடைத்த காரின் நம்பரையே புதிய உடலில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். வாகனப் பதிவைப் பார்க்கிற அரசு நிறுவனமான டிவிஎல்ஏ நீண்டகாலம் வைத்திருந்த கணக்கு வேறு: மாற்றிக் கட்டிய கார் பழைய நம்பரை வைத்திருக்க 8 புள்ளி வேண்டும், சட்டகத்துக்கு 5, சஸ்பென்சன், அச்சு, கியர் பொக்ஸ், ஸ்ரியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. அந்த 5 புள்ளி கட்டாயம். கோர்ட்டினாவிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்திருந்தாலும் சட்டகம் கிட் கம்பெனியுடையது என்றால் கதை முடிந்தது. 2025 ஆகஸ்டில் திருத்திக் கட்டிய வாகனங்கள் பற்றிய விதிகள் மாறியிருக்கின்றன, எனவே வாங்குகிற நேரத்தில் டிவிஎல்ஏ என்ன சொல்கிறது என்று பாருங்கள், விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இப்போது புதிதாகக் கட்டுகிறவர்கள் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையைத் தாண்ட வேண்டும். கிளாசிக் தோற்றக் காருக்கு அது ஒரு தலையிடி. வெளியே கை படக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீற்றர் வளைவாக இருக்க வேண்டும், சில்லின் நடுவே காது வைத்த அந்த வடிவான நட்டு சரிவராது, கிரில் மேலே நிற்கிற வெள்ளிப் பறவையும் பெரும்பாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். வளைவில் திரும்பியபின் ஸ்ரியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. எஞ்சின் எந்த ஆண்டுடையது என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால் புகைச் சோதனை அந்த ஆண்டின் அளவுப்படி நடக்கும், இல்லையென்றால் புதுக் காரின் அளவு, பின்ரோ எஞ்சின் அதைக் கனவிலும் தாண்டாது. வயது நிறுவ முடியாத, பல கார்களின் பாகங்களைக் கலந்து கட்டிய வண்டிக்குக் கியூ எழுத்தில் தொடங்கும் நம்பர் கிடைக்கும்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். 1982 என்று லொக் புக்கில் இருந்ததால், 40 வருடம் தாண்டிவிட்டது என்று விற்றவர் அதை வரலாற்று வாகன வகுப்புக்கு மாற்றியிருந்தார். வரி இல்லை, எம்ஓடி இல்லை, லண்டனில் புகை கூடிய கார்களிடம் வாங்குகிற யூலெஸ் கட்டணமும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெவ்வேறு கார்களின் பாகங்களால் கட்டிய கிட் கார் பொதுவாகப் பெரிய மாற்றம் செய்த வாகனமாகவே கணக்கு, எம்ஓடி விலக்கு கிடையாது. அடுத்தது இதைவிட முக்கியம், பலருக்குத் தெரியாது: வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓடுகிற காருக்கு வரலாற்று வாகன வரிவிலக்கே இல்லை. 1930இல் செய்த அசல் காருக்கும் அதேதான். அந்த வகுப்பு கழன்றால் யூலெஸ் நாளொன்றுக்கு 12.50 பவுண்டும் கூடவே வரும்.

கலியாணக் காருக்குத் தனியார் வாடகை உரிமம் தேவையில்லை, அது உண்மை. அதைக் கேட்டுவிட்டு இன்சூரன்ஸும் சாதாரணமானது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த பொலிசி, காசு வாங்கிக்கொண்டு பொம்பிளையை ஏற்றிய நிமிடமே உங்களைக் கைவிட்டுவிடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்டும் லைசென்ஸில் 6 புள்ளியும், காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். கம்பெனிக்குக் கிட் கார் என்று சொல்லி, பெறுமதியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். "1982 ஃபோர்ட் கோர்ட்டினா" என்று எழுதி எடுத்த பொலிசியை வைத்து எந்தக் கார் எரிந்தது என்று நிரூபிப்பீர்கள்?

அன்றைக்குத் தம்பி பிறேக்கை மிதிக்க, பின்னால் பிறேக் லைற்றோடு இண்டிகேற்றரும் மங்கலாக எரிந்தது. இந்தக் கார்களில் அடிக்கடி பார்க்கிற வியாதி. இரும்பு உடலில் விளக்கின் மின்சாரம் உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்பிவிடும், பைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எர்த் வயர் இழுத்திருக்க வேண்டும். அந்த வயர்கள் எல்லாம் ஒரே ஆணியில் முடிந்து, ஆணி பச்சை பிடித்திருந்தது. சுரண்டித் துடைக்க அரை மணித்தியாலம் போனது. இன்னொன்று சூடு. அந்த உயரமான கிரிலுக்குப் பின்னால் இருந்த ரேடியேற்றர் சிறியது, நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக நடைவேகத்தில் இருபது நிமிடம் உருண்டால் ஊசி சிவப்புக்குப் போய்விடும். மின்விசிறிக்குக் கையால் போடுகிற ஒரு சுவிச் வைத்துக்கொள்ளுங்கள். ரயர் தேய்ந்திருக்காது, இந்தக் கார்கள் ஓடுவதே குறைவு, ஆனால் பக்கச்சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். பெற்றோல் குழாய் பழைய றப்பர் என்றால் 2021இல் வந்த, எதனோல் கூடிய ஈ10 பெற்றோல் அதை அரித்துவிடும், குழாயை மாற்றுங்கள், அதுவரை எதனோல் குறைந்த ஈ5 அடியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை தம்பி போகவில்லை, கலியாண வீட்டுக்காரர் வேறு கார் பிடித்தார்கள், வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு டிவிஎல்ஏக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். ஐவிஏயில் முதல் தடவை விழுந்து இரண்டாவது தடவைதான் தேறினார். வெள்ளிப் பறவை இப்போது அவர் வீட்டு அலுமாரியில் நிற்கிறது, கார் கியூ நம்பரோடு ஓடுகிறது. போன மாதம் ஒரு பொம்பிளையின் அம்மா வந்து, வீடியோவில் அந்தக் கியூ வடிவில்லாமல் தெரியும், பூமாலையால் நம்பர் பிளேற்றை மறைத்துவிடச் சொன்னாராம். "மறைச்சா அதுக்கும் தண்டம் அன்ரி" என்று மாலையைக் கழற்றிப் பொனட்டில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.