தனிப்பெரும்பணிப் பதக்கம்

ஓர் அமெரிக்கப் பதக்கத்தின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ‘சீருடைப் பணிகள்’ எனப்படும் அமைப்புகள் எட்டு. அவற்றில் ஆறு ஆயுதம் ஏந்தியவை. ஒன்று கடலையும் வானிலையையும் ஆய்வது. எட்டாவதுதான் மக்களின் உடல்நலம் காக்கும் ‘பப்ளிக் ஹெல்த் சர்வீஸ்’ அலுவலர் அணி. கடற்படையைப் போன்ற சீருடை, கடற்படையைப் போன்ற பதவிப் படிகள், ஆனால் கையில் ஆயுதம் கிடையாது. 2014இல் எபோலா பரவியபோது லைபீரியாவுக்குப் போய், நோய் தொற்றிய மருத்துவப் பணியாளர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தியவர்கள் இவர்கள். இந்த அணியில் ஓர் அலுவலர் பெறக்கூடிய மிக உயர்ந்த பதக்கத்தின் பெயர் ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்’.

இதைச் ‘சிறப்புமிக்க சேவைப் பதக்கம்’ என்று எழுதிவிடலாம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்குக் கீழ்ப்படிகளில் ‘மெரிட்டோரியஸ்’, ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று வேறு இரண்டு பதக்கங்கள் இருக்கின்றன. அவற்றையும் ‘சிறப்புமிக்க’ என்றே எழுதினால், எது பெரியது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் வாழ்நாள் உழைப்பில் ஏறிய படியை நம் மொழிபெயர்ப்பு அழித்துவிடக் கூடாது.

‘டிஸ்டிங்விஷ்ட்’ என்பதன் வேர் இலத்தீன். பிரித்துக் காட்டுவது, வேறுபடுத்துவது என்பது அதன் பொருள். கூட்டத்தில் தனித்துத் தெரிவதுதான் கரு, வெறும் சிறப்பு அல்ல. ‘தனி’ என்ற நம் சொல்லுக்கு இணையற்றது என்ற பொருளும் உண்டு. வள்ளலாரின் ‘தனிப்பெருங்கருணை’யில் வருவது அந்தத் ‘தனி’தான். ஆகவே இதைத் தனிப்பெரும்பணிப் பதக்கம் என்கிறேன். ‘மெரிட்’ தகுதியைக் குறிப்பதால் அடுத்ததைத் தகைசால் பணிப் பதக்கம் எனலாம். மற்றதற்குச் சிறந்த பணிப் பதக்கம் போதும்.

அப்புறம் ‘சர்வீஸ்’. இங்கே அது இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. துறையின் பெயரில் அது அமைப்பு, பதக்கத்தின் பெயரில் உழைப்பு. அமைப்பின் கதை 1798இல் தொடங்குகிறது. நோயுற்ற வணிகக் கப்பல் மாலுமிகளுக்காக ஒரு சட்டம் வந்தது. அவர்கள் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து மருத்துவமனைகள் நடத்தினார்கள். அந்த மருத்துவமனைகளின் தலைமைப் பொறுப்பை 1871இல் ஏற்ற ஜான் உட்வொர்த் மருத்துவர்களைப் படைபோல ஒழுங்குபடுத்தினார். 1889இல் அலுவலர் அணி சட்டபூர்வமானது. இன்றைய பெயர் 1912இல் வந்தது. இந்த அமைப்பின் சின்னத்தில் நங்கூரம் இருப்பது அந்த மாலுமிகளின் நினைவாகத்தான்.

அமைப்பை மக்கள் நல்வாழ்வுப் பணித்துறை எனலாம். தமிழ்நாட்டு அரசே ‘மக்கள் நல்வாழ்வு’ என்று எழுதிப் பழக்கிய சொல் அது. உழைப்புக்குச் ‘சேவை’யைவிடப் ‘பணி’ எனக்குப் பிடிக்கும். வைணவர் வீட்டில் ‘சேவை ஆச்சா?’ என்றால் பெருமாளைத் தரிசித்தாயா என்று பொருள். அந்தச் சொல் வேறு பக்கமும் இழுக்கும். பணி நேரே உழைப்பைச் சொல்கிறது. அதற்கு அணிகலன் என்ற பழம்பொருளும் உண்டு. பதக்கத்தோடு அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

‘மெடல்’ என்ற சொல் பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்தது. உலோகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதை இணைப்பவர்கள் உண்டு. நம் ‘பதக்கம்’ வடமொழி ‘பதக’த்திலிருந்து வந்தது. முதலில் அது சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடும் நகை. இன்றும் நகைக்கடையில் அந்தப் பொருளில் கேட்கலாம். அதற்கும் முன்னால் அரசர்கள் வணிகருக்கு எட்டிப் பட்டத்தோடு பொற்பூவும், படைத்தலைவருக்கு ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் தந்ததைப் பழைய நூல்களும் உரைகளும் சொல்கின்றன. பட்டத்தோடு அணியும் ஒரு பொருளையும் தருவது நமக்குப் புதிதல்ல.

‘விருது’ வேறு. அது முதலில் கொடி, சின்னம், பட்டப்பெயர் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். அலுவலருக்குத் தருவது விருது, நெஞ்சில் குத்திக்கொள்வது பதக்கம். அன்றாடச் சீருடையில் பதக்கத்துக்குப் பதிலாக அதன் நிறத்தில் ஒரு சிறு பட்டி மட்டும் இருக்கும். அதைப் பதக்கப்பட்டி என்றால் போதும்.