கீறலே இல்லை, ஆனால் வலப்பக்கம் மங்கல்

தைப்பூசத்தன்று பினாங்கில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைப்பதைப் படமெடுக்கும்போது கேமரா கைநழுவித் தார்ச்சாலையில் விழுந்துவிட்டது என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வெளியே ஒரு கீறல்கூட இல்லையாம். ஆனால் அன்றிலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் வலப்பக்கம் மட்டும் மங்கல். கண்ணேறு பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப்போடு என்கிறார்களாம் வீட்டில். கண்ணேறு இல்லை ஐயா. காரணத்தை மில்லிமீட்டர் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

நெஞ்சுயரம், அதாவது 1.2 மீட்டரிலிருந்து விழும் பொருள் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் அடியின் வலுவைத் தீர்மானிக்கிறது. அன்று நீங்கள் பார்த்த தேங்காய்தான் சாட்சி. வெறுந்தாரில் பட்டால் சிதறும். உடைந்த சில்லுக் குவியலில் விழுந்தால் சில சமயம் முழுசாகவே உருண்டு ஓடும். கேமரா 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரியாகத் தன் எடையைப்போல் 1,200 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 1 சென்டிமீட்டர் கிடைத்தால் 120 மடங்குதான். லென்ஸ் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் ஹூட் தான் உடைந்து அந்தத் தூரத்தைத் தருகிறது.

உலோக உடம்புதான் கெட்டி என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. மக்னீசியக் கலவையைவிடப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 20 மடங்கு எளிதாக வளைகிறது; வளைந்து, திரும்பிவிடுகிறது. கீறல் தெரியாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, மங்கல் எங்கிருந்து வந்தது? லென்ஸைப் பூட்டும் வளையம், மவுன்ட். 20 சென்டிமீட்டர் நீள லென்ஸின் முனை பக்கவாட்டில் அடிபட்டால் அது கடப்பாரையாகிவிடுகிறது. மவுன்ட்டின் விட்டம் 5 சென்டிமீட்டர்தான். ஆகவே அதைப் பிடித்திருக்கும் குட்டித் திருகாணிகளை நான்கு மடங்கு விசை நெம்புகிறது. வளையம் லேசாகச் சாய்ந்து, படத்தைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் வலது ஓரத்தில் குவியம் 0.1 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன், தள்ளிப்போனது என்று வையுங்கள். எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும்போது, ஒரு புள்ளி வெளிச்சம் 0.055 மில்லிமீட்டர் வட்டமாகப் பரவும். 36 மில்லிமீட்டர் அகலத்தில் 6,000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். ஒரு புள்ளி ஒன்பது பிக்சலுக்குப் பரவிவிட்டது! துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனால் அதே கோளாறு இரண்டு பிக்சலாகச் சுருங்கி ஒளிந்துகொள்ளும். ஒரு முடியளவு சாய்வு படத்தில் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கேமராவை 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லியே விற்றார்கள். லென்ஸ் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. எடை கால் கிலோதான். நெம்ப ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கும் அப்படி ஓர் எண்ணைச் சோதித்துப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்குகிறவருக்கு அது தெரியத்தான் வேண்டும்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் செங்கல் சுவருக்கா பஞ்சம்! ஒரு சுவருக்கு நேராக நின்று எஃப் 1.8-இல் ஒரு படம், அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று. இரண்டாவது படத்தை நிமிர்த்தாமல், தலைகீழாகவே பாருங்கள். மங்கல் படத்தின் வலப்பக்கத்திலேயே இருந்தால் கோளாறு கருவியில். இடப்பக்கம் மாறினால் நீங்கள் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். பிறகு வேறு லென்ஸ் போட்டுப் பாருங்கள். அதிலும் வலப்பக்கமே மங்கினால் கேமராவின் மவுன்ட், இல்லையென்றால் பழைய லென்ஸ். பழுதுபார்ப்பவரிடம் கேமரா விழுந்ததை மறைக்காதீர்கள். எந்த முனை தரையில் பட்டது என்பதையும் சொல்லுங்கள்.