மலையில் டவர் இல்லை, ஆப்பிரிக்காவுக்குப் பாடம் போகிறது: இது யார் பணம்?

காட்பாடியில் சித்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போன மாதம் தான்சானியாவிலிருந்து வந்து இங்கே பொறியியல் படிக்கும் ஒரு பையன் கைப்பேசியை நீட்டினான். ஊரில் அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் அவன் அக்கா அனுப்பிய விண்ணப்பப் படம் அதில் இருந்தது. சாய்வாக, பாதிப் பக்கம் நிழல் விழுந்து, அலுவலகத் தலைவரின் முத்திரை பாசி பிடித்த காசு போலத் தெரிந்தது. அவள் ஊரில் ஸ்கேனர் கிடையாதாம். படத்தை நேராக்கி, வெளுப்பாக்கி, பிடிஎஃப் ஆக்கித் தர வேண்டும். இந்திய அரசு செலவில் இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்கு இந்தியா வருவதற்கான விண்ணப்பம் அது.

அவனுக்குப் பின்னால், எங்கள் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு ஊரை அடுத்த மலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ரேஷன் கார்டு வேலைக்கு வந்தவர். அவர் ஊரில் ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுமாம்; கோயில் பாறைமேல் ஏறினால்தான் ஒரு கோடு சிக்னல். அதனால் மலையிறங்கி வந்துவிடுகிறார். என்ன காகிதம் என்று விசாரித்தார், சொன்னேன். "நம் ஊருக்கே டவர் வரவில்லை. அவர்களுக்கு எதற்குத் தம்பி நம் பணம்?" என்றார். கடையில் கூட்டம், அன்று பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் பையன் கொண்டுவந்தது ஐடெக் விண்ணப்பம். இந்திய தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் என்பது முழுப்பெயர். 1964 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வெளியுறவு அமைச்சகம் நடத்துகிறது. ஏறக்குறைய 160 நாடுகளைச் சேர்ந்தவர்கள் பயன்பெறலாம். பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள். தகவல் தொழில்நுட்பம், கணக்குத் தணிக்கை, ஊரக வளர்ச்சி என்று பாடம் பலவகை. விமானக் கட்டணம், படிப்புக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவுக்குப் படி எல்லாம் இந்திய அரசின் பொறுப்பு. இணையத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து, தம் நாட்டு அரசின் பொறுப்புத் துறையிடம் பரிந்துரை பெற்று, அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்று பையன் துடித்தது அதனால்தான். ஏற்கெனவே இங்கே கல்லூரியில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இத்திட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஐசிசிஆர் எனும் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகை என்று வேறு வழி உண்டு.

ஆளை இங்கே வரவழைப்பது ஒரு வகை என்றால், பாடத்தை அங்கே அனுப்புவது இன்னொரு வகை. அதன் கதை நம் ராமேஸ்வரத்துக்காரரிடம் தொடங்குகிறது. 2004 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தையும் செயற்கைக்கோள் வழியாகவும் கண்ணாடி இழை வழியாகவும் இணைத்து, இந்தியாவிலிருந்து கல்வியும் மருத்துவமும் தரலாம் என்றார். மேடைப் பேச்சோடு போகவில்லை. 2007இல் எத்தியோப்பியாவில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 2009 பிப்ரவரியில் வலையமைப்பு முறைப்படி தொடங்கியது. செனகல் நாட்டின் டாக்கரில் தரை நிலையம். அங்கிருந்து கடலடிக் கேபிள் இந்தியாவுக்கு. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு படிப்பு மையம், ஒரு மருத்துவமனை. இந்தியப் பக்கத்தில் பாடம் நடத்திய பல்கலைக்கழகங்களில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. 2017 வரை நடந்த இந்த முதல் கட்டத்தில் ஏறத்தாழ 22,000 பேர் பட்டமோ சான்றிதழோ பெற்றார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு இ-வித்யாபாரதி, இ-ஆரோக்யபாரதி என்று பெயர். 2019 அக்டோபரில் தொடங்கியபோது ஐந்தாண்டுத் திட்டம் என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு 4,000 மாணவருக்கு இலவச இணையவழிப் படிப்பு, 1,000 மருத்துவர், செவிலியர், மருத்துவப் பணியாளருக்கு இலவசத் தொடர்கல்வி என்பது இலக்கு. இந்த முறை செயற்கைக்கோளும் தனி நிலையமும் இல்லை, சாதாரண இணையம்தான். செலவு குறையும், உண்மை. ஆனால் அதிலேயே ஒரு முடிச்சும் விழுந்தது. முன்பு படிப்பு மையத்துக்கு நடந்து போனால் போதும், திரையும் இணைப்பும் அங்கே இருக்கும். இப்போது மாணவரிடமே கருவியும் டேட்டாவும் இருந்தாக வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கில், பணக்கார நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையம் பயன்படுத்துகிறார்கள். ஏழை நாடுகளில் 27 விழுக்காட்டினர்தான். அந்த 27க்குள் இருப்பவர்தான் இந்தப் படிப்பின் கதவையே தட்ட முடியும். ஸ்கேனர் இல்லாத ஊரில் அக்கா, இங்கே தம்பி, நடுவில் என் கடை என்று சுற்றிவந்த அந்த விண்ணப்பத்தைப் பார்த்தபோது, மீதி 73 பேரின் விண்ணப்பம் எந்தக் கடையில் நிற்கும் என்று தோன்றியது.

இனிப் பணம். வெளிநாட்டுக்குக் கொடுப்பதெல்லாம் ஒரே வகை இல்லை. மேலே சொன்ன இரண்டும் நன்கொடை, திரும்பி வராது. இவை தவிர, மத்திய அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் போவது கடன். வட்டியோடு திரும்ப வேண்டும். அந்தக் கடனில் வாங்கும் பொருளிலும் சேவையிலும் பொதுவாக 75 விழுக்காடாவது இந்தியாவிலிருந்து வர வேண்டும் என்பது விதி. நன்கொடையிலும் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே செலவாகிறது. ஆப்பிரிக்க வலையமைப்பைக் கட்டியது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டிசிஐஎல் நிறுவனம். ஐடெக் பயிற்சி தரும் இடங்களில் சென்னை தரமணியிலுள்ள ஆசிரியர் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. அங்கே தங்கிப் படிப்பவரின் சாப்பாட்டுச் செலவு தரமணியில்தான் விழுகிறது. தூதரக நட்பு, ஐ.நா. சபையில் ஆதரவு என்று அரசுக்கு வேறு கணக்குகளும் உண்டு. வெறும் தர்மம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தொகையையும் பார்த்துவிடலாம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு உதவி என்ற தலைப்பில் ஒதுக்கியது 225 கோடி ரூபாய். பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. அதோடு ஒப்பிட்டால் ஆப்பிரிக்காவுக்குப் போவது சில்லறை.

பெரியவரின் டவருக்கான பணம் வேறு பையில் இருக்கிறது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது பெயர். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பங்காகக் கட்டும் தீர்வையால் சேரும் நிதி இது. இலாபம் இல்லை என்று கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குச் சேவை கொண்டுபோவதற்காகவே ஏற்பட்டது. இதன் கீழ் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு டவர் போட 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. வேலை பிஎஸ்என்எல் பொறுப்பு. மாநில அரசின் பங்குக்கு, தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆக, ஆப்பிரிக்காவுக்குப் போகும் 225 கோடியை நிறுத்திவிட்டாலும் அது அணைக்கட்டு மலை ஏறாது. மலைக்கு வர வேண்டியது வேறு பணம். அது ஏன் இன்னும் பாறையைத் தாண்டவில்லை என்று கேட்பதுதான் சரியான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடமும் வெளியுறவு அமைச்சகம் அல்ல.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் சென்னை ஐஐடி 2023இல் வளாகம் திறந்ததை இந்த உதவிக் கணக்கில் பலர் சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே மாணவர்கள் கட்டணம் செலுத்திப் படிக்கிறார்கள். இலவசப் படிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தப் பெரியவர் போன வாரம் மறுபடியும் வந்தார். இந்த விவரமெல்லாம் சொன்னதும் ஆப்பிரிக்காவை விட்டுவிட்டார். "அந்த 24,000 ஊரில் நம் ஊர் இருக்கிறதா?" என்று கேட்டார். அதை அதிகாரிகளிடம் எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்றேன். ஊரின் பெயர், ஊராட்சி, எத்தனை வீடுகள், பக்கத்து டவர் எவ்வளவு தூரம், எந்தெந்த வேலைக்கு மலையிறங்க வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல மனுவாகத் தட்டினேன். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் சேர்ந்தால் மனு கனக்கும். அடுத்த கூட்டத்தில் அதையும் போடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். இரண்டு நகல் எடுத்துக்கொண்டார், ஒன்றில் ஒப்புகை முத்திரை வாங்க. முத்திரை மங்கலாக விழுந்தால் விடாதீர்கள், இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.