மெலிந்த பிள்ளைக்கு மூளைச் சோதனை அவசரமில்லை

"சாப்பிடுறாளில்லை, மூளையை ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ." கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து எங்கள் கிளினிக்குக்கு இப்படி எத்தனை கடிதங்கள்! கேட்பது சிந்திக்கும் திறனை அளக்கும் தாள்-பென்சில் சோதனை; பிள்ளைக்கு இருப்பதோ அனோரெக்சியாவாக, அதாவது நிறை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோயாக, இருக்கலாம். நிறை எழுதியிருக்காது, நாடித்துடிப்பு இருக்காது, கடைசியாக மாதவிடாய் வந்த திகதியும் இருக்காது. வன்னி வெயிலிலும் சுவெற்றரோடு இருக்கிற பிள்ளையில் முதலில் பார்க்கவேண்டியது இதயத்தை. பகலில் நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி விடுதியில் அனுமதிதான், சோதனைத்தாள் அல்ல. பயத்தில் வீட்டில் சோற்றைத் திணிக்கவும் வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பின் அளவு சரியும், உயிருக்கே ஆபத்து.

"9 ஏ எடுத்தவள், அவளுக்கு மூளையில் என்ன குறை?" என்பது அடுத்த கேள்வி. அனோரெக்சியா உள்ள பிள்ளைகள் பலர் படிப்பில் கெட்டிக்காரர். இந்தச் சோதனைகளில் நாங்கள் பார்ப்பது வேறு: திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், ஒரு விதி மாறினால் மனத்தையும் மாற்றுதல். ரியூசன் நேரசூசியை மற்றவர்கள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. ஒருநாள் ரியூசன் நின்றால் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் என்ன செய்வாள் என்று தாயிடம் கேளுங்கள். புள்ளிப்பட்டியலைவிட அது கூடச் சொல்லும்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள்: இந்தச் சோதனைகள் அனோரெக்சியாவைக் கண்டுபிடிக்க அல்ல. மனம் மாற்றுவதில் உள்ள இறுக்கம் வளர்ந்தவர்களிடம் தெரிகிற அளவுக்குப் பதின்ம வயதினரிடம் ஒரேமாதிரித் தெரிவதில்லை. குறைந்த புள்ளி பட்டினியாலும் வரும், மனச்சோர்வாலும் வரும், தூக்கம் தரும் குளிசையாலும் வரும்.

ரே உருவம் என்ற சிக்கலான கோட்டுப் படத்தைப் பார்த்து வரையும் சோதனையில் 18 பகுதிகள், 36 புள்ளிகள். நடுவிலுள்ள பெரிய செவ்வகத்தை விட்டுவிட்டு மூலையிலுள்ள சிறு கோட்டில் தொடங்கி, அழித்து அழித்து வரைந்தும் பிள்ளை 34 எடுக்கலாம். புள்ளியை மட்டும் எழுதினால் எல்லாம் சரிபோலத் தெரியும். அதனால் இடையிடையே நிறப் பென்சிலை மாற்றிக் கொடுத்து, வரைந்த ஒழுங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணையும் எழுத்தையும் மாறிமாறி இணைக்கும் தாளில் ஏ, பீ, சீ தடுமாறும் பிள்ளைக்கு அது ஆங்கிலப் பரீட்சை. எண்ணும் நிறமும் மட்டுமுள்ள வடிவத்தைக் கொடுங்கள். பிற நாட்டுப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டு 'குறைபாடு' என்று முத்திரை குத்தாதீர்கள், தயவுசெய்து.

சோதனை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிறை தேறிய பிறகு திரும்பச் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோயிலில் நூல் கட்டுங்கள், அது உங்கள் விருப்பம். கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.