480 நாளை எண்ணி வையுங்கள், மக்களே

போன வாரம் ஒரு பையன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தான். தக்கலைப் பக்கம். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன், வயது 28. வெளிமாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறான். அந்த ஐந்து வருடத்தில் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறினார். அவன் நின்ற மெஷினும் மாறவில்லை, வேலை ஏவிய சூப்பர்வைசரும் மாறவில்லை. ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனால் கேட்டில் அட்டை வேலை செய்யவில்லை. "லிஸ்ட்ல உன் பேரு இல்ல தம்பி" என்றார் செக்யூரிட்டி. அவ்வளவுதான்.

"இது எப்போ நடந்தது?"

"மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்."

வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி தானே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு கெடு. 2025 நவம்பரில் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதையும் இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இவன் கெடுவைத் தாண்டிவிட்டான். சுற்றுவழி ஒன்றிரண்டு இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன். நேர்வழி அடைபட்டது அடைபட்டதுதான்.

ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டேன். "ஆர்டரே தரலயே சார். காண்ட்ராக்ட் ஆளு கேஸ் போட முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

இந்த 'எல்லாரும்' யார் என்று இருபது வருடமாகத் தேடுகிறேன். கையில் கிடைத்தால் முதல் வழக்கு அவர் மேல்தான்.

சரி, இதை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்பது வேலையைப் பற்றிய ஒரு தாள். அந்தத் தாள் வேலை ஆகாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கவில்லை என்பதற்காகக் கல்யாணம் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? நீதிமன்றம் கேட்பது வேறு. யாருடைய இடத்தில், யாருடைய மெஷினில் வேலை பார்த்தாய்? இதைச் செய், அதைச் செய் என்று ஏவியது யார்? லீவு கேட்டால் தந்தது யார்? சம்பளம் எங்கிருந்து வந்தது? இதற்கெல்லாம் பதிலும் பதிலுக்கு ஆதாரமும் இருந்தால், ஆர்டர் தராதது முதலாளி செய்த தப்பு. அந்தத் தப்பையே காட்டி அவர் தப்பிக்க முடியாது.

ஆதாரம் என்றவுடன் பையன்கள் முகம் தொங்கிவிடுகிறது. ஏதோ முத்திரை வைத்த பத்திரம் கேட்கிறேன் என்று நினைப்பு. பிஎஃப் பாஸ்புக்கில் எந்த மாதம், எந்த நிறுவனத்தின் பெயரில் பணம் ஏறியது என்று வரிசையாக இருக்கிறது. இஎஸ்ஐ எண் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. ஷிஃப்ட் சார்ட் போடும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் சூப்பர்வைசரே 'நாளை நைட் ஷிஃப்ட் இந்த ஆறு பேர்' என்று எழுதியிருப்பார். கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், பாதுகாப்புப் பயிற்சியில் எடுத்த குரூப் போட்டோ எல்லாமே ஆதாரம்தான். இந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? வேலை போன கோபத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குரூப்பை விட்டு வெளியேறி, போனையும் மாற்றிவிட்டான்.

வேலைநீக்க வழக்குக்குத் தேவையான கணக்கு, அதாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தேன் என்பதை, முதலில் தொழிலாளிதான் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. கம்பெனி ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து தானாக நீட்டும் என்று காத்திருந்தால் ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து அந்த 480. 1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. தொழில் நிறுவனத் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். ஆள் எண்ணிக்கை, பருவகாலத் தொழில், கட்டட வேலை என்று விலக்குகள் இருக்கின்றன. அதனால் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு சட்டம் இருப்பதே என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகம் பேருக்குத் தெரியாது. கம்பெனி எச்ஆருக்குத் தெரியும். அதனால்தான் ஏஜென்சி பெயர் மாறுகிறது, பத்து நாள் 'பிரேக்' வருகிறது, மறுபடி புதிதாகச் சேர்ந்ததுபோல் கையெழுத்து வாங்குகிறார்கள். நிரந்தரம் ஆகக் கூடாது என்பதற்காகவே ஒருவரை வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று 1947 தொழில் தகராறு சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள்.

காண்ட்ராக்டர் விஷயமும் அப்படித்தான். ஒப்பந்தம் உண்மையானதாக இருந்தால் காண்ட்ராக்டர்தான் முதலாளி, மறுக்கவில்லை. வெறும் கண்துடைப்பாக இருந்தால், மறைந்திருக்கும் உண்மையான முதலாளியின் தொழிலாளியாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 2001இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது. எது கண்துடைப்பு என்று காட்டத்தான் மேலே சொன்ன குப்பைகளையெல்லாம் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

'ட்ரெய்னி' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். 1961 சட்டப்படி முறையாகப் பதிந்த அப்ரென்டிஸ் வேறு. அவர் தொழிலாளி ஆக மாட்டார். நாலு வருடம் தனியாக மெஷின் ஓட்டி, புதிதாக வருபவனுக்குப் பாடமும் எடுக்கும் 'ட்ரெய்னி' வேறு. பெயரைப் பார்க்காதீர்கள், செய்த சோலியைப் பாருங்கள்.

இன்னொன்றில்தான் எனக்கு உண்மையாகவே ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம் மாவட்டம், 91.75 சதவீதம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தேதி போடாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 'கணக்கு முடிந்தது, பாக்கி எதுவும் இல்லை' என்று சேரும் அன்றைக்கே காண்ட்ராக்டர் எழுதி வாங்கிவிடுகிறான், நாமும் கொடுத்துவிடுகிறோம். விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலையில் தோடு உடைத்த அம்மாமாரைக் கேளுங்கள், பிஎஃப் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள். பிஇ படித்த மகனுக்குத் தன் பிஎஃப் கணக்கின் யுஏஎன் நம்பர் தெரியாது. எங்கே இருக்கும் என்றால் 'ஏஜென்சி அண்ணனிடம்' என்கிறான்.

இப்போது புதுச் சட்டம். 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்முடைய 1981 சட்டம் மாநிலச் சட்டம், அந்த 29இல் அது இல்லை. புதிய தொகுப்பில் நல்லது ஒன்று: நியமனக் கடிதம் கட்டாயம். கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அதில் 'குறித்த காலப் பணி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு, சம்பளமும் நிரந்தர ஊழியருக்கு இணையாக இருக்க வேண்டும். ஆனால் காலம் முடிந்தால் அதை ஆட்குறைப்பு என்று சொல்லி இழப்பீடு கேட்க முடியாது. கையெழுத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அரசு அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்யலாம் என்ற வரம்பையும் 100 பேரிலிருந்து 300 ஆக்கிவிட்டார்கள். 250 பேர் வேலை பார்க்கும் ஆலை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், இதெல்லாம் இளைஞன் ஒருத்தன் தனியாகத் தாள் சேர்த்துத் தீர்க்கிற காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். 2017 ஜூலையில் நம் கன்னியாகுமரியிலிருந்துதான் மாணவர், இளைஞர் அமைப்புகள் பஞ்சாபின் உசைனிவாலா வரை நெடும்பயணம் புறப்பட்டன. பகத் சிங் பெயரில் தேசிய வேலை உறுதிச் சட்டம் வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அரசியல் சாசனத்தில் வேலைக்கான உரிமை 41ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் நெறிமுறையாக மட்டும். அதை வைத்து வழக்குப் போட்டு வேலை வாங்க முடியாது. அதனால் சட்டம் வேண்டும் என்று கேட்பது நியாயம். நானும் கேட்பேன்.

ஆனால் கோரிக்கையைக் கொஞ்சம் கூர்மையாக்குங்கள் தம்பிகளே. 'வேலை கொடு' என்றால் ஒரு முகாம் நடத்தி, பதினோரு மாத வேலைக்கு ஆர்டர் கொடுத்து, போட்டோவும் எடுத்துவிடுவார்கள். புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு 2025 ஆகஸ்ட் முதல் ஊக்கத்தொகை தருகிறது. கூடுதலாகச் சேர்க்கும் ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. மொத்த ஒதுக்கீடு 99,446 கோடி. அந்த ஆளை நிரந்தரமாக்கினாயா என்று கேட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். 480 நாள் சட்டத்தைச் செயல்படுத்தப் போதிய ஆய்வாளர்களைப் போடச் சொல்லுங்கள்.

அரசையும் விடக் கூடாது. டாஸ்மாக் கடைகளுக்கு 2003இல் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்களும் 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களும் பணி நிரந்தரம் கேட்டுக் கேட்டே நரைத்துப் போனார்கள். 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டி, தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று அரசு வக்கீல்கள் பல்லவி பாடுவார்கள். வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. எல்லாத் துறையிலும் அவுட்சோர்ஸிங் செய்துகொண்டே தனியார் முதலாளிக்கு அரசு எந்த முகத்தோடு நோட்டீஸ் அனுப்பும்?

பெற்றோருக்கும் ஒன்று. "பிள்ளைக்கு நிரந்தரமா ஒரு சோலி கிடைச்சா போதும் சாரே" என்று அழுகிற அம்மாக்கள் அடுத்த மாதமே நகையை அடகு வைத்து எவனோ ஒருவனிடம் அரசு வேலைக்கென்று லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். குரூப் 4க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான். எங்கே, யாரிடம் போய்ச் சிபாரிசு செய்வான் அவன்? தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு ரசீது இல்லாமல் என்னிடம் வராதீர்கள். வந்தாலும் திட்டிவிட்டுத்தான் மனு எழுதுவேன்.

வேலை போனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் வாரமே பதிவுத் தபாலில் 'எனக்கு வேலை கொடுங்கள்' என்று நிறுவனத்துக்கும் காண்ட்ராக்டருக்கும் கடிதம் எழுதுங்கள். நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் முடியவில்லை என்றால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் பகுதிக்கு அது திருநெல்வேலியில் இருக்கிறது. சமரச மனுவுக்கு வக்கீல் தேவையே இல்லை. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.

தக்கலைப் பையனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபடியே, கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டேன். நாலு பேர் இருக்கிறார்களாம், எல்லாருக்கும் இரண்டு வருடம் தாண்டிவிட்டதாம். என் முன்னாலேயே போன் போடச் சொன்னேன். ஷிஃப்ட் சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள், பாஸ்புக்கை இறக்கி வையுங்கள் என்று ஸ்பீக்கரில் நானே சொன்னேன். இரண்டு பேர் அன்று ராத்திரியே எடுத்துவிட்டார்கள். ஒருவன் போனையே எடுக்கவில்லை. நாலாமவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நான் உங்ககிட்ட பேசினது கம்பெனிக்குத் தெரியாதுல்ல?" என்றான்.